படிக்காமல் எண்ணுகிறோம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் மேற்கு பார்த்துப் பள்ளிகொண்டிருக்கிறார். பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாட்கள் அந்தி வெயில் நேராகக் கருவறைக்குள் வந்து விழும் என்று ஊரில் சொல்வார்கள். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இருந்தும் இந்தப் பேச்சின்மேல் எனக்கு மரியாதை உண்டு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் நேர்மேற்கில் மறையும். மேற்கு பார்த்துக் கட்டிய கருவறைக்குள் அப்போது ஒளி புகுவதற்குத் தெய்வம் வேண்டாம், திசை தெரிந்த தச்சர்கள் போதும். அது கிடக்கட்டும். சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ளக் கோயில் பூசாரியான போற்றியிடமும் கேட்க வேண்டாம், என்னிடமும் கேட்க வேண்டாம். அந்த நாளில் போய் நின்றால் போதும்.

இதே மாவட்டத்தில் யாராலும் போய் நின்று பார்க்க முடியாத வேறொரு பேச்சு உண்டு. அட்மிஷன் காலத்தில் அது ஃப்ளெக்ஸ் போர்டில் ஏறும். உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர் எங்கள் பேராசிரியர், சைட்டேஷன் இத்தனை ஆயிரம், ஹெச்-இன்டெக்ஸ் இவ்வளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ரப்பர் பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பனும் செய்தித்தாள் வாசிக்கிற ஊர் இது. அந்த ஊரிலும் போர்டின் முன்னால் நின்று “அப்படியானால் அவர் என்ன கண்டுபிடித்தார்?” என்று கேட்கிறவரைப் பார்ப்பது அரிது. கல்லூரிக்குள் அதைவிட அரிது. அங்கே ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்பது “இந்த வருஷம் எத்தனை பேப்பர் போட்டாச்சு?” என்பதுதான்.

இதை மூடநம்பிக்கை என்கிறேன். கடுமையான சொல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். காரணத்தைப் பார்க்காமல் குறியை வணங்குவது எதுவோ அதுதான் மூடநம்பிக்கை. குறி கல்லில் இருந்தால் என்ன, கணினித் திரையில் இருந்தால் என்ன?

ஒரு ஆய்வாளர் தன் கட்டுரையின் அடியில் இன்னாருடைய இந்தக் கட்டுரையிலிருந்து இதை எடுத்தேன் என்று குறிப்பார். அந்தக் குறிப்புதான் சைட்டேஷன், தமிழில் மேற்கோள். நன்றிக்கும் நேர்மைக்கும் உண்டான வழக்கம் அது. 1964இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு இந்தக் குறிப்புகளையெல்லாம் திரட்டி அட்டவணையாக வெளியிட்டார். ஒரு கருத்து எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பிடிக்க உதவும் நூலகக் கருவியாகத்தான் அது பிறந்தது. 2005இல் கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஒரு குறியெண் சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய ஹெச்-இன்டெக்ஸ் 20. கணக்கிடச் சுலபம் என்பதால் உலகமே பிடித்துக்கொண்டது. 15 ஆண்டுகள் கழித்து, இந்தக் குறியெண் படுமோசமான பின்விளைவுகளை உண்டாக்கலாம் என்று அவரே எழுதினார். அந்த எச்சரிக்கை நம் கல்லூரி வாசல்வரை வந்து சேரவில்லை. 2 சதவீதப் பட்டியலும் இதே வகைதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து மேற்கோள் எண்களைக் கணக்கிட்டு வெளியிடும் அட்டவணை அது. பல்கலைக்கழகம் தேர்வு செய்து கொடுத்த விருது அன்று. யாருடைய கட்டுரையையும் யாரும் படித்துப் பார்த்துச் சேர்த்த பெயர்கள் அல்ல அவை.

சரி, எண்ணிக்கை ஏதோ ஒன்றைக் காட்டத்தானே செய்யும் என்பார்கள். இயற்பியலையும் கணிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ‘ஏதோ’ என்னவாகிறது என்று தெரியும். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதின. அதன் ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் ஆசிரியர்களுடைய பெயரும் அவர்களுடைய நிறுவனங்களும். மகத்தான கூட்டுழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேருடைய கணக்கிலும் ஒவ்வொன்றாக ஏறும். கணிதமோ ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை. வெளிவந்த பிறகும் அதைச் சரிபார்த்துப் புரிந்துகொள்ளவே பிறருக்குக் காலம் பிடிக்கும். சர்வதேசக் கணித ஒன்றியமும் வேறு இரு அமைப்புகளும் 2008இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, கணித இதழ்களில் வரும் மேற்கோள்களில் சுமார் 90 சதவீதம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய கட்டுரைகளைக் குறிப்பவை என்றது. இதழ்களின் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ கணக்கிடுவதோ முந்தைய இரண்டே ஆண்டுகளை வைத்து. கணிதத்தின் பத்தில் ஒன்பது பங்கை விட்டுவிட்டு மீதியை அளந்துகொண்டிருக்கிறோம்.

கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் 2002இலும் 2003இலும் இணையத்தில் மூன்று கட்டுரைகளை இட்டார், எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. நூறாண்டு நிலுவையில் கிடந்த புவான்கரே ஊகம் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. அந்த வேலைக்கு ஹெச்-இன்டெக்ஸ் போட்டால் மூன்றைத் தாண்டாது. ஹிக்ஸ் துகளுக்குப் பெயர் தந்த பீட்டர் ஹிக்ஸ் 1964க்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய பல்கலைக்கழகம் தனக்கு வேலை கொடுத்திருக்காது என்று நோபல் பரிசு வாங்கிய 2013இல் அவரே சொன்னார்.

வெளிநாட்டுப் பெரியவர்களை விடுவோம். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த ஒரு கணிதவியலாளரைப் பற்றிச் சொல்கிறேன். எஸ்.எஸ். பிள்ளை என்ற சிவசங்கரநாராயண பிள்ளை, 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்தார். பள்ளிப் படிப்பு முடியும் முன் தகப்பனாரும் போனார். சாஸ்திரியார் என்ற பள்ளி ஆசிரியர் பண உதவி செய்து பையனின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். நாகர்கோவிலுக்குப் பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகம். 1929இல் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் செய்த வேலையை நாஞ்சில் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

1770இல் எட்வர்டு வாரிங் ஒரு கேள்வி போட்டார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம். 7 என்பது 4+1+1+1. கன எண்கள் என்றால் ஒன்பது போதும். 23க்கு இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் வேண்டும். அப்படியே நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, ஆறாம் அடுக்கு என்று போனால் எத்தனை எண்கள் போதும்? ஆறாம் அடுக்குக்குக் குறைந்தது 73 வேண்டும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுவிடலாம். 703 என்ற எண்ணை எடுங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது பெரிதாகிவிட்டது. இரண்டின் ஆறாம் அடுக்கு 64; பத்து 64 சேர்ந்தால் 640. மிச்சமுள்ள 63க்கு ஒன்றுகளாகவே போட வேண்டும். பத்தும் அறுபத்துமூன்றும் 73. ஆனால் உலகத்திலுள்ள எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதுதான் மலை. ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேலும் விடை காணும் வழியை 1930களின் நடுவில் பிள்ளை சிதம்பரத்தில் இருந்துகொண்டே கண்டார். ஏறத்தாழ அதே சமயம் சிகாகோவில் எல்.ஈ. டிக்சனும் தனியாக அங்கே வந்து சேர்ந்தார். 1940இல் ஆறாம் அடுக்கையும் பிள்ளை முடித்தார். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்று 1986இல் நிறுவிய மூவரில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளையின் ஆய்வுகளைத் திரட்டி 2010இல் தொகுதிகளாகப் பதிப்பித்தவர்களில் ஒருவரும் அதே பாலசுப்பிரமணியன்தான்.

பிள்ளை தம் கட்டுரைகளைப் பெரும்பாலும் எங்கே வெளியிட்டார்? அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும், இந்தியக் கணிதவியல் சங்க இதழிலும், இந்திய அறிவியல் அகாடமி நடவடிக்கைகளிலும். 1936இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழை ஐரோப்பாவில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? இன்றைய உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழு முன்னால் அந்தப் பட்டியலோடு அவர் வந்து நின்றால் இதழ்களின் பெயரைப் பார்த்தே அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வர்க்கம், கனம் முதலிய முழு அடுக்கு எண்களை வரிசையாக எழுதினால் 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று போகும். இவற்றுக்கிடையே எந்த ஒரு குறிப்பிட்ட வித்தியாசமும் சில தடவை மட்டுமே வரும், முடிவில்லாமல் வராது என்றார் பிள்ளை. வித்தியாசம் ஒன்று என்றால் 8, 9 என்ற ஒரே சோடிதான் என்று 2002இல் பிரெதா மிஹைலெஸ்கு நிறுவினார். வித்தியாசம் இரண்டு என்றாலே இன்றைக்கும் நிறுவல் கிடையாது. உலகம் முழுக்க அதைப் ‘பிள்ளை ஊகம்’ என்கிறார்கள். அப்படி ஒருவருடைய பெயரே கேள்வியின் பெயராகிவிட்டால் பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். மேற்கோள் எண்ணிக்கை அங்கே குறையும். எண்ணும் இயந்திரத்துக்கு அது மறதியாகத் தெரியும். உண்மையில் ஒரு ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய நினைவு கிடையாது.

1950இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளக் கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 49. அவரை அழைத்தவர்கள் அவருடைய எண்ணிக்கையைப் பார்த்து அழைக்கவில்லை. அப்போது எண்ணுவதற்கு அட்டவணையே இல்லை. அவர் எழுதியதைப் படித்தார்கள், அவ்வளவுதான். நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான்.

பழைய திருவாங்கூரின் திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரை நம் பகுத்தறிவாளர்கள் எல்லோரும் அறிவார்கள். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்ச ரூபாய் தருகிறேன் என்று 1963இல் அறிவித்தவர். அவருடைய நிபந்தனையைக் கொஞ்சம் கல்லூரிக்குள் கொண்டுபோவோம். சைட்டேஷன் ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் உண்டாகிறதா? அயோனிடிஸின் தரவு வெளியான 2019இல் ‘நேச்சர்’ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. சென்னையில் தனியார் நிறுவனமொன்றின் பேராசிரியருக்கு 2017 வரை வந்த மேற்கோள்களில் 94 சதவீதம் அவரும் அவருடைய கூட்டு ஆசிரியர்களுமே தந்தவை. தொடர்ந்து ஒரே துறையில் வேலை செய்கிறவர் தன் முந்தைய கட்டுரையைச் சுட்டுவது தவறில்லை, தேவையும்கூட. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து அவருக்கு அரசின் பரிசுத் தொகையும் கிடைத்திருந்தது. பரிசு கொடுத்தவர்கள் எண்ணுக்குள் இருப்பதைத் திறந்து பார்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. 2023 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி எழுதியது. இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், அவற்றில் பல இதழ்களில் வெளியாகின்றன, அந்தக் கட்டுரைகள் அதே நிறுவனத்தின் மற்றக் கட்டுரைகளை அடுக்கடுக்காக மேற்கோள் காட்டுகின்றன என்றது அந்தச் செய்தி. பல் மருத்துவத் தரவரிசையில் அந்நிறுவனம் அப்போது நாட்டிலேயே முதலிடம்.

கணிதத்தில் நிலைமை இன்னும் மோசம். துறை சிறியது, மேற்கோள்கள் குறைவு. அதனால் நாலு பேர் கூடிப் பரஸ்பரம் மேற்கோள் கொடுத்துக்கொண்டாலே உச்சிக்குப் போய்விடலாம். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்களின் உலகப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் கணிதப் பிரிவையே எடுத்துவிட்டது. கணிதத் துறையே இல்லாத தைவான் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று, மேற்கோள் எண்ணிக்கையில் கணிதத்துக்குப் பேர்போன நிறுவனங்களை முந்தியிருந்ததைச் ‘சயின்ஸ்’ அடுத்த ஆண்டு எழுதியது. பட்டியல் போட்டவர்களே நம்பிக்கை இழந்துவிட்டார்கள். நாம் இன்னும் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இயற்பியலில் யான் ஹென்ட்ரிக் ஷோன் கதை எல்லோரும் படிக்க வேண்டியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 2001 வாக்கில் எட்டு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பெயர் போட்ட கட்டுரைகள் வந்தன. ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ எல்லாவற்றிலும் வந்தன. பரிசுகள் குவிந்தன. எண்கள் அவரை வானளாவத் தூக்கின. வீழ்த்தியது எது? வேறு வேறு சோதனைகளின் வரைபடங்களில் தற்செயலாக வர வேண்டிய இரைச்சல்கூட அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறதே என்று சில இயற்பியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததால் கண்டார்கள். 2002 செப்டம்பரில் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளில் 16 உண்மை என்றது. அதுவரை அவரை மேற்கோள் காட்டிய அத்தனை பேரும் அந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் இருந்தார்கள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எண் இல்லை என்றால் என்ன வரும்? சிபாரிசு வரும், சாதி வரும், சபையும் சமுதாயமும் வரும். ‘நம்ம ஆளா?’ என்ற கேள்வி வரும். நம் மாவட்டத்தில் கல்லூரி வேலைக்கு இந்தக் கேள்வி எப்படியெல்லாம் கேட்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவருக்கு எண் ஒரு கேடயம். என் மதிப்பெண் இது, இதை மறுத்துப் பார் என்று அவர் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அந்தக் கேடயத்தைப் பிடுங்கச் சொல்கிறவன் எந்தப் பக்கம் என்று கேட்பது நியாயம்.

என் பதில் இது. தேர்வு மதிப்பெண்ணுக்குப் பின்னால் விடைத்தாளைத் திறந்து வரி வரியாகப் படித்த ஒருவர் இருக்கிறார். சந்தேகம் வந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். மேற்கோள் எண்ணுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. விடைத்தாளைத் திறக்காமல் தராசில் எடை போட்டு மதிப்பெண் கொடுத்தால் அது யாருக்குக் கேடயமாகும்? தாள் வாங்கக் காசு உள்ளவனுக்கு. இன்றைக்குக் காசு கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்க்கிறார்கள், மேற்கோளும் விற்கிறார்கள். பெரிய ஆய்வுக்கூடமும் பெரிய கைடும் வெளிநாட்டுத் தொடர்பும் உள்ளவருக்கு நேர்மையான வழியிலேயே எண் தானாக ஏறும். திருவட்டாற்றிலிருந்தோ தோவாளையிலிருந்தோ போய், துணைக்கு ஆளில்லாமல், ஒரு கடினமான கணிதக் கேள்வியோடு ஐந்தாண்டு மல்லுக்கட்டும் பெண்ணுக்கு ஏறாது. கேடயம் அவளைக் காக்கவில்லை. அவளைத்தான் வெளியே நிறுத்துகிறது.

சாதியையும் சிபாரிசையும் தடுப்பதற்கு ஒரே வழி, படிப்பதும் காரணத்தை எழுதி வைப்பதும். விண்ணப்பிக்கிறவர் தன் சிறந்த வேலை என்று மூன்று கட்டுரைகளைக் கொடுக்கட்டும். அந்தத் துறை தெரிந்தவர்கள், வேறு மாநிலத்தவராகவும் இருக்கட்டும், படித்துவிட்டுத் தங்கள் பெயரோடு எழுதட்டும்: இதில் புதிது இது, சரி இது, தவறு இது. அந்த எழுத்தைத் தேர்வானவருக்கும் தேர்வாகாதவருக்கும் காட்ட வேண்டும். நம்ம ஆள் என்பதற்காக ஒரு பொய்யான நிறுவலைச் சரி என்று பெயர் போட்டு எழுத எந்தக் கணிதவியலாளரும் துணிய மாட்டார். எழுதினால் மறுநாளே மற்றவர் பிடித்துவிடுவார். இதற்கு நேரம் ஆகும், செலவும் ஆகும். பொதுப்பணத்தில் முப்பது ஆண்டு சம்பளம் வாங்கப்போகிறவரை எடுப்பதற்கு மூன்று கட்டுரை படிக்க நேரமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யுஜிசி 2022 நவம்பரில் எடுத்தது நல்ல காரியம். காசு வாங்கிப் போடும் போலி இதழ்கள் அந்த விதியால்தான் கொழுத்தன. ஆனால் பதவி உயர்வுக்கும் தரவரிசைக்கும் எண்ணிக்கை இன்னும் அப்படியே இருக்கிறது.

பகுத்தறிவாளர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. கருவறை வெயிலைப் பற்றி ஆள் ஆளுக்குக் கேள்வி கேட்கிறோம். முனைவர் பட்டமும் சைட்டேஷனும் வந்தால் எழுந்து நின்று மாலை போடுகிறோம். அறிவியலின் பெயரால் வருவதைக் கேள்வி கேட்டால் பழமைவாதி என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் அது. எண்ணாமல் படிப்பதன் பலனுக்கு ஒரு உதாரணம்: 1920 ஜனவரியில் சாவின் விளிம்பில் கிடந்த ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சொன்ன மாய தீட்டா சார்புகள் 82 ஆண்டுகள் புரியாமல் கிடந்து, 2002இல் சாண்டர் ஸ்வெகர்ஸின் ஆய்வேட்டில் விளக்கம் பெற்றன. 2012இல் டபோல்கர், மூர்த்தி, சகியர் ஆகிய மூவரும் கருந்துளைகளைப் பற்றிய இயற்பியலில் அவற்றைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கடிதத்தை யாரோ பாதுகாத்தார்கள், யாரோ திரும்பத் திரும்பப் படித்தார்கள். எண்ணிக்கை பார்க்கிறவர்கள் கையில் இருந்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். போர்டில் பெயர் போடும் ஒவ்வொரு பேராசிரியரும், தன் கட்டுரைகளில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, திருவட்டாற்றின் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு மணி நேரம் விளக்கட்டும். என்ன கேள்வி, ஏன் அது கேள்வி, முன்னால் எதுவரை தெரிந்திருந்தது, தான் சேர்த்தது என்ன, தன் முடிவு தவறாகப் போனால் எப்படித் தெரியும் என்று சொல்லட்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். 703க்கு ஏன் 73 வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் விளக்க முடிகிறதல்லவா? அதைப் போல விளக்க முடிகிற வேலையைப் பேராசிரியர் செய்திருந்தால் அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்காது. அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் இந்த ஒரு மணி நேரத்தைக் கல்லூரி முதல்வரிடம் கேட்கலாம். ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.